இரண்டு கார்டு, இரண்டு டிரைவர்

நவம்பர் 4

புது கிராபிக்ஸ் கார்டை அனுப்பி வைக்க மெர்லின் அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். நாகர்கோவிலில் இருந்துகொண்டு ‘கட்டற்ற ஆட்டம்’ என்று ஓர் இணையதளம் நடத்துகிறார் அவர். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கான தளம். கோயம்புத்தூரில் நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தபோதே அதில் எழுதியிருக்கிறேன். கல்யாணமாகி நொய்டாவுக்கு வந்தபின் இதுதான் முதல் பெரிய வேலை.

வேலை இதுதான். என்னிடம் இருக்கும் பழைய கார்டு ஒன்று, அக்கா அனுப்பும் புது கார்டு ஒன்று. இரண்டையும் இரண்டு டிரைவர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரைக்குப் படத்தை வரைந்து தருவது கார்டு; அது என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்வதை அதற்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது டிரைவர். கார்டு செய்த கம்பெனி கொடுக்கும் டிரைவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாள் பார்க்க முடியாது. இன்னொன்று திறந்த டிரைவர். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது, யாரும் படிக்கலாம், திருத்தலாம். எந்தக் கார்டு எதில் நன்றாக ஓடுகிறது, பழசு வைத்திருப்பவர் புதுசு வாங்கத்தான் வேண்டுமா என்று முடிவு சொல்ல வேண்டும்.

என் கணவரிடம் கேட்டேன். “பண்ணிக்க. வீட்லயே பொழுது போகணுமில்ல?” என்றார். நவநீதனைப் போல எத்தனை கணவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்?

நவம்பர் 6

பழைய கார்டில் முதல் சோதனை. மழை பெய்யும் நகரத்தில் கார் ஓட்டும் ஆட்டம். விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் ஒரு இடைமென்பொருள் வழியாக ஓடுகிறது. அதே தெரு, அதே வளைவு, திரும்பத் திரும்ப. முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அப்போதுதான் கார்டு எல்லாவற்றையும் முதன்முறையாகத் தயார் செய்துகொள்ளும், படம் திக்கித் திக்கி வரும்.

வெளியே புகைமூட்டம். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார், வாசற்கதவைப் பார்த்தபடி. ஆபீஸில் இருந்தே பார்க்கலாம், பேசலாம். எல்லாம் பாதுகாப்புக்குத்தான். அதற்கு இணையம் வேண்டும் என்பதால் இணையம் எப்போதும் இருக்கிறது. எனக்கு அது வசதி.

நவம்பர் 12

கூரியர்காரர் வந்தார். மணி அடித்தார். கேட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். கையெழுத்து வேண்டும், கதவைத் திறங்கள் என்றார். பூட்டு இறுகிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். லிப்ட் சத்தம் கேட்டது.

பெட்டியை வாயிற்காவலர் வாங்கி வைத்தார். நவநீதன் ஆபீஸ் விட்டு வரும்போது எடுத்துக்கொண்டார். இப்போது காரில் இருக்கிறது.

நவம்பர் 14

பெட்டி இன்னும் காரில்தான். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது, அதனால் அவர் பேசவில்லை. பேசாத நாட்களில் காரில் இருந்து எதையும் எடுத்துவர அவருக்கு மறந்துவிடும். பால் பாக்கெட்கூட.

நவம்பர் 17

பெட்டி வந்தது. இன்று ரசம் மட்டும் வைத்திருந்தேன்.

நவம்பர் 18

பெட்டியைப் பிரித்தபோது எழுந்த புது பிளாஸ்டிக் வாசனையில் எவ்வளவு சந்தோஷம்! கார்டு என் முன்னங்கை நீளம். இரண்டு மின் இணைப்பு கேட்கிறது. என்னிடம் ஒரு வயர்தான்.

மெர்லின் அக்காவை ஹெட்செட் போட்டு அழைத்தேன்.

“வயர்தானே? கீழ கடை இருக்கும், போய் வாங்கிக்க மக்கா.”

“புகையா இருக்குங்க அக்கா.”

“அப்ப ஆன்லைன்ல போடு. நாளைக்கே வந்துரும்.”

“ஓடிபி அவரு போனுக்குத்தான் வரும். என்ற போன் டிஸ்பிளே போயிருச்சு. ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காரு.”

“எப்பப் போச்சு?”

“மே மாசம்.”

“மே மாசமா?” என்றார் அக்கா. பிறகு, “பழைய பெட்டியில தேடிப் பாரு. கம்ப்யூட்டரோட மின்சாரப் பெட்டி வாங்கும்போது கூடவே ஒரு வயர் குடுத்திருப்பான்” என்றார். பரணில் ஏறித் தேடினேன். இருந்தது. அவர் வருவதற்குள் தூசியைத் துடைத்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன்.

நவம்பர் 22

புது கார்டு, கம்பெனி டிரைவர். சராசரியில் பழையதைவிட ஒன்றரை மடங்கு. எழுதி அனுப்பினேன். அக்கா உடனே கூப்பிட்டுவிட்டார்.

“சராசரி எல்லாரும் போடுவான் மக்கா. எங்க திக்குதுன்னு சொல்லு. ஆடுறவனுக்கு அதுதான் உறைக்கும், கேட்டியா?”

ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பதியவைத்து மறுபடி ஓட்டினேன். அக்கா சொன்னது சரி. பாலத்தில் ஏறும் இடத்தில் ஒரு குலுக்கல். சராசரியில் அது தெரியவே தெரியாது. சாயங்காலம் வரை அந்தப் பாலத்திலேயே கிடந்தேன். துணி காயப்போட மறந்துவிட்டது. நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை.

நவம்பர் 26

கம்ப்யூட்டரின் மின்கயிறு காணவில்லை. அவர் ஆபீஸ் பையில் தவறிப் போயிருக்க வேண்டும். நேற்று, “ரொம்ப நேரம் அதிலயே இருக்கற போல” என்று சொல்லியிருந்தார்.

எலெக்ட்ரிக் குக்கரின் கயிறு பொருந்துகிறது! சோற்றை அடுப்பில் வடித்தேன். அவர் வரும் நேரத்துக்குக் கயிறு மறுபடி குக்கரில்.

“சோறு இன்னைக்கு வேற மாதிரி இருக்கு” என்றார்.

“தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சுங்க” என்றேன்.

நவம்பர் 28

அதே குக்கர் கயிறு. பழைய கார்டில் திறந்த டிரைவர். திக்கலே இல்லை.

நவம்பர் 30

கரூரில் இருந்து பூபதி அண்ணன் பேசினார். நவநீதனின் போனில், ஸ்பீக்கரில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொங்கலுக்கு வர்றீங்களா கண்ணு?”

நான் அவரைப் பார்த்தேன். “லீவு கெடைக்கறது கஷ்டம் மச்சான்” என்று அவரே சொன்னார்.

“செரிங் மாப்ள. கண்ணு, பொதுவா நல்லாத்தான இருக்கீங்க?”

“நல்லாத்தான் இருக்கோம்ணா.”

அண்ணி நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி, எருமை கன்று போட்டிருக்கிறது. போனைக் கையில் வாங்கிப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது.

டிசம்பர் 2

மெர்லின் அக்கா ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். புது கார்டில் திறந்த டிரைவர் ஏன் ஒரு இடத்தில் தடுமாறுகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். லினக்ஸின் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும், அதை ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன். அக்கா சரி என்றார். அப்புறம் அதே குரலில்,

“கோகி, உன் வீட்டுக் கதவு உள்ள இருந்து தொறக்குமா?” என்றார்.

“என்னக்கா?”

“கேக்கேன். இப்ப அவரு இல்ல. நீ போயி தொறந்தா தொறக்குமா?”

திரையில் மழைத்தெருவில் கார் நின்றுகொண்டிருந்தது. வைப்பர் மட்டும் ஆடியது. அவருக்கு என்மேல் அக்கறை, இந்த ஊர் பெண்களுக்கு ஆகாது, எனக்கு இந்தி சரியாக வராது என்றெல்லாம் சொன்னேன். நான் முடித்ததும் அக்கா, “செரி மக்கா, புதுப் பதிப்பு ஏத்திட்டுச் சொல்லு” என்றார்.

டிசம்பர் 3

திறக்காது.

அவர் வெளியே இருந்து பூட்டிக்கொண்டு போகிறார். போன வருடம் தீபாவளிக்குப் பிறகு தொடங்கியது. கீழே பூங்காவில் ஒரு மலையாளிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன்; அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாளில் இருந்து பூட்டு. “உன் நல்லதுக்குத்தான்” என்றார். நானும் அப்படித்தான் நினைக்கப் பழகினேன்.

அவர் லினக்ஸ் பக்கம் வருவதே இல்லை. இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் இதுவரை எழுதியதெல்லாம் அவர் என் தோளுக்குப் பின்னால் நிற்பது போலத்தான் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

டிசம்பர் 4

அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தையை அனுப்பினேன். திறக்காது.

அழைப்பு வந்தது.

“பெண்கள் உதவி எண்ணுக்கு நான் பேசலாம். வருவாங்க. ஆனா வந்து நின்னு, வெளிய வரணுமான்னு உன்கிட்டதான் கேப்பாங்க. அதுக்கு நீதான் பதில் சொல்லணும். நான் சொல்ல முடியாது, கேட்டியா?”

“வந்து எங்கக்கா போறது? கரூருக்குப் போனா திருப்பி அனுப்பிருவாங்க.”

“என் வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. அதுக்கு மேல இப்ப யோசிக்காண்டாம்.”

வேலை முடியட்டும் என்றேன். அக்கா வற்புறுத்தவில்லை. முடிக்க வேண்டிய வேலை இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. முடியாமல் இருந்தால் இன்னும் நல்லது என்றும் தோன்றியது.

டிசம்பர் 8

புதுப் பதிப்பு ஏற்றினேன். புது கார்டின் தடுமாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. பாலத்தில் ஏறினேன், இறங்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. “அக்கா! பாருங்க, பாருங்க!” என்று கத்திவிட்டேன். சிரித்தேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டார். “மத்தியானம் யாருகூடச் சிரிச்சிட்டிருந்த?”

அந்தக் கேமராவுக்கு அறைக்குள் நடப்பதும் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

“மெர்லின் அக்காங்க. கார்டு அனுப்பினவங்க.”

“பொம்பளையா?”

“ஆமாங்க.”

“போன் போட்டுக் குடு, நான் பேசறேன்.”

எண் என்னிடம் இல்லை, கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுவோம் என்றேன். அது உண்மை. அவர் நம்பவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார்.

டிசம்பர் 10

இதை எழுதும் நிதானம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஸ்குரூடிரைவரோடு வந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டைத் திறந்தார். என்னிடம் எந்தக் கோபமும் காட்டவில்லை. புது கார்டைப் பிடுங்கினார். மேசைமேல் இருந்த பழையதையும் எடுத்துக்கொண்டார்.

“அது அக்காவோடதுங்க. திருப்பி அனுப்பணும்.”

“நான் அனுப்பிக்கறேன். உனக்கு இந்தத் தலைவலியெல்லாம் எதுக்கு? கயிறு எப்படியோ கெடச்சிருது உனக்கு. கார்டு இல்லாம இது வெறும் டப்பா. நிம்மதியா இரு.”

கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பூட்டும் சத்தம்.

வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். திரை கறுப்பாக இருந்தது. இனி அக்கா கூப்பிட்டால் எனக்குத் தெரியாது, நான் கூப்பிட வழியில்லை, அடுத்தது என்ன எடுத்துக்கொண்டு போவார் என்று மட்டும் மனது ஓடிக்கொண்டிருந்தது. எடுப்பதற்கு இனி அதிகம் மிச்சம் இல்லை.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. கார்டு இல்லாவிட்டால் படம் வராது என்பது அவர் நினைப்பு. என் ப்ராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. ஆட்டம் ஓடாது, திரை வரும். அதற்கான திறந்த டிரைவரை லினக்ஸ் தன்னோடே வைத்திருக்கிறது. எதையும் தேடி இறக்க வேண்டாம். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். திரையின் வயரைப் பின்பக்கம் மதர்போர்டில் இருந்த துளையில் செருகி, குக்கர் கயிற்றை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

வந்தது.

அக்கா இணைப்பில் இருந்தார். கேமராவுக்குக் கேட்கக் கூடாது என்று தட்டெழுத்தில் எழுதினேன்: “வெளியே வர வேண்டும்.” கூடவே கட்டட எண், மாடி, கதவு எண்.

“செரி மக்கா. தண்ணி குடி. செருப்பப் போட்டுக்க” என்று பதில் வந்தது.

டிசம்பர் 14, நாகர்கோவில்

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். இரண்டு பெண் போலீசார், உதவி மையத்தில் இருந்து ஒரு பெண், கட்டடக் காவலர். கதவுக்கு வெளியே பேச்சுக் குரல்கள். ஒரு பெண் கதவைத் தட்டி, இந்தியில் என் பெயரைக் கேட்டார். வெளியே வர விருப்பமா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் ஹால் கேமராவில் இருந்து அவர் குரல் வந்தது.

“கோகி, யாரு அது? கதவத் தொறக்காத! கேக்குதா? கதவத் தொறக்காத!”

என்னால் திறக்க முடியாது என்பது அவருக்கு அந்தக் கணம் மறந்துவிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கதவுக்கு அருகில் போய்ப் பதில் சொன்னேன். தமிழில்தான் வந்தது. “வரணும்ங்க.” பிறகு இந்தியில் சொன்னேன்.

பூட்டுத் திறக்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் வேலை செய்த நேரம் முழுக்கக் கேமரா பேசிக்கொண்டே இருந்தது. முதலில் அதட்டல், அப்புறம் கெஞ்சல், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. கதவு திறந்ததும் உள்ளே வந்த போலீஸ் பெண் முதல் வேலையாகக் கேமராவின் வயரைப் பிடுங்கினார்.

நகை, சான்றிதழ்கள், துணி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, அதன் டிஸ்க்கைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றினேன். சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். அது என்ன என்று கேட்டார்.

“என் வேலை” என்றேன்.

ரயிலில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் இறங்கி நின்றேன். தாகம் இல்லை, பசி இல்லை, சும்மா இறங்கினேன். ஹாரன் ஒலித்ததும் ஏறிக்கொண்டேன்.

மெர்லின் அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஸ்டேஷனில் கட்டிக்கொண்டு, “கார்டு போனா போட்டும்” என்றார். நான் அதைப் பற்றித்தான் முதலில் மன்னிப்புக் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. டிஸ்க்கை அவர் கம்ப்யூட்டரில் மாட்டினோம். எல்லா அளவுகளும் இருந்தன. இந்தக் கோப்பும்.

டிசம்பர் 17

இரண்டு கார்டையும் போலீஸ் நிலையத்தில் அவர் ஒப்படைத்துவிட்டதாக உதவி மையத்துப் பெண் சொன்னார். புது கார்டில் ஒரு விசிறி உடைந்திருக்கிறதாம். வழக்குக்கு நான் மறுபடி அங்கே போக வேண்டி வரும்.

காலையில் காய் வாங்கி வா என்று அக்கா பையைக் கொடுத்தார். தெருமுனை வரை போய், யாரிடமோ சொல்லாமல் வந்துவிட்டது போல் பதறித் திரும்பி வந்தேன். இரண்டாவது தடவை போய் வாங்கி வந்தேன். கத்திரிக்காய் சொத்தை.

டிசம்பர் 20

கட்டுரை வெளியானது. பெயர் போடட்டுமா என்று அக்கா கேட்டார். போடுங்கள் என்றேன். கோகிலவாணி.

முடிவு: வேகம் மட்டும் பார்த்தால் புது கார்டு, கம்பெனி டிரைவர். திக்காமல் ஆட வேண்டும் என்றால் பழைய கார்டு, திறந்த டிரைவர். அது வைத்திருப்பவர்கள் இப்போதைக்குப் புதுசு வாங்க வேண்டாம். புது கார்டைத் திறந்த டிரைவரில் ஓட்டுகிறவர்கள் லினக்ஸின் கடைசிப் பதிப்பைக் கண்டிப்பாக ஏற்றிக்கொள்ளவும்.

கீழே ஒருவர், இத்தனை தடவை அந்தப் பாலத்தில் ஏறி இறங்க உங்களுக்கு எப்படிப் பொறுமை வந்தது என்று கேட்டிருக்கிறார். பதில் எழுதவில்லை.

டிசம்பர் 23

அக்காவின் போனில் பூபதி அண்ணன். நான் இங்கே வந்த பின் முதல் பேச்சு.

“கண்ணு, என்ன இப்படிப் பண்ணிட்ட? அம்மா சாப்பிடவே இல்ல.”

“அம்மாகிட்டக் குடுங்கண்ணா.”

“இரு, முதல்ல நாஞ் சொல்றதக் கேளு. மாப்ள எறங்கி வந்துட்டாரு. நேத்து நேர்லயே வந்தாரு. அழுதுட்டாரு, தெரியுமா? இனிமே பிரச்சினையே வராது. உனக்குன்னு தனியா ஒரு சாவி செஞ்சு தர்றேங்கறாரு.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

“அவரே சொன்னாரு கண்ணு. நான் கேக்கக்கூட இல்ல.”

“அண்ணா, நம்ம வீட்ல அண்ணிக்குச் சாவி நீங்க குடுத்ததா?”

“அதென்ன கேள்வி? சாவி அங்க ஆணியில தொங்குது. வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போறாங்க. இதுல நான் குடுக்கறதுக்கு என்ன…”

அதோடு அண்ணன் நின்றுவிட்டார். பின்னால் கன்று கத்தும் சத்தம், அண்ணி யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் கேட்டது.

“எத்தன நாளா பூட்டிட்டிருந்தாரு?” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

சொன்னேன்.

“செரி” என்றார். மறுபடியும், “செரி கண்ணு. நீ அங்கயே இரு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”